நம்ம ஊருக்குப் போய் வந்தவர்

எங்கள் துரைக்குத் தட்டுக் கழுவத் தெரியும் என்ற செய்தியை அந்த மலைக்குக் கொண்டுவந்தவர் பங்களா ஆயாதான்.

துரை என்றால் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் தொண்டையைச் செருமினால் போதும், வேலைக்கு நிற்கிற வரிசை முழுவதும் விறைத்துக்கொள்ளும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் தொப்பி தலையிலிருந்து தானாகவே கைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் தாயார் வீட்டில், இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினார் என்றால் யார் நம்புவார்கள்?

"கழுவுனாருங்கிறேன்! நான் பக்கத்துல நின்னு தொடச்சேன். பாட்டியம்மா வந்து பாத்துட்டு, ஓரத்துல பிசுக்கு இருக்குன்னு ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்தாங்க. பேசாம வாங்கி மறுபடியும் கழுவுனாரு, நம்ம துரை."

இதை அவர் தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைக்கிற பெண்களிடம் சொன்னார். அடுத்த நாள் கொழுந்து பறிக்கிற மலையில் துரை யாரையோ அதட்ட, முழு நிரையும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தது. துரைக்குக் காரணம் புரியவில்லை. கங்காணிக்குப் புரிந்தது. அவர் இரண்டு நாள் துரையின் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் மாஸ்டர், வயது இருபத்தைந்தை ஒட்டி. பாடத்தைவிட என் சேட்டைகளுக்காகவே பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஒருநாள் ஒரு சிலேட்டைத் தட்டாகப் பிடித்துக்கொண்டு, துரை மாதிரி மூக்கை உயர்த்தி, இங்கிலீசு மாதிரி எதையோ முணுமுணுத்து, தேய் தேய் என்று தேய்த்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு ஒரே நேரத்தில் ஊமையாயிற்று. திரும்பினேன். வாசலில் துரை.

புத்திசாலியாக இருந்தால் சிலேட்டைக் கீழே வைத்திருப்பேன். பயத்தில் கை தன்பாட்டுக்கு இன்னும் வேகமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "சுகாதாரப் பாடம், சார்," என்றேன். என் குரல் யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையதைப் போல் வந்தது. துரை சிலேட்டையும் என்னையும் பார்த்தார். "இரண்டு தரம் அலச வேண்டும்," என்று இங்கிலீசில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை என் பெட்டியைக் கட்டினேன். வேலை போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வெட்கத்தோடு பெட்டியை அவிழ்த்தேன்.

ஆயாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "உங்களாலதான் ஆயாம்மா, என் உசிரு போயி வந்துச்சு!"

"நம்ம துரைதானே மாஸ்டர்," என்றார். "ஒண்ணும் செய்ய மாட்டாரு."

நம்ம. அந்தச் சொல்தான் ஆயா. அவர் கால் பட்ட இடமெல்லாம் நம்ம இடம். கண் பட்ட பொருளெல்லாம் நம்மளது. நம்ம பங்களா, நம்ம ரோஜா, துரையின் சம்சாரமான நம்ம துரைச்சாணிக்கு வருகிற நம்ம தலைவலி. அட்டை கடித்து ரத்தம் வழிந்தால்கூட, "நம்ம மலை அட்டைதானே, விடுங்க," என்பார். தலவாக்கலைக் கடைத்தெருவில் முஸ்லிம் நானா கடைக்குச் சேலை எடுக்கப் போனால், "நம்ம கடையில கொஞ்சம் கொறச்சுத்தானே போடுவீங்க," என்றுதான் பேரம் தொடங்கும். நானா ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றார். "ஆயாம்மா, கடை ஒங்கடதா எங்கடதா? சொல்லுங்க, நான் சாவியத் தந்திட்டுப் போறேன்."

"நீங்களும் நம்ம ஆளுதானே நானா, உக்காருங்க," என்றார் ஆயா. சேலையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டார்.

அவருக்கென்று இருந்தது மிகக் கொஞ்சம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். கட்டிக்கொடுத்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிள்ளை இல்லை. கொழுந்துக் கூடையிலிருந்து பங்களாவுக்குப் போய், துரையின் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். துரைக்கு ஆறு மாத லீவு கிடைத்துக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து புறப்பட்டபோது, ஆயா இல்லாமல் பிள்ளைகள் தூங்கமாட்டோம் என்று தரையில் விழுந்து புரண்டார்கள். ஆக ஆயாவும் கப்பல் ஏறினார். எங்கள் தோட்டத்தில் எல்லாருடைய பாட்டனும் கடல் தாண்டி வந்தவர்தான். லீவுக்காகக் கடல் தாண்டியவர் ஆயா ஒருவரே.

அவர் வாயில் அது காட்லாந்து. "பேருக்கேத்த மாதிரி காடுதான் மாஸ்டர்."

"அங்கயும் மலையா ஆயாம்மா?" என்று பீலியடியில் கேட்பார்கள். எத்தனையாவது தடவையோ.

"மலைதான். நம்ம மலை மாதிரியே பனி மூடும், நம்ம மழை மாதிரியே நசநசன்னு பெய்யும். ஆனா ஒரு தேயிலைச் செடி கெடையாது. அத்தனை மலையையும் சும்மா போட்டு வச்சிருக்காங்க. ஊதாப் பூவாப் பூத்துக் கெடக்கு. ஆடு தானா மேயுது."

"அப்ப கங்காணி?"

"ஆட்டுக்குக் கங்காணி ஒரு நாய். நம்ம கங்காணிய விடத் தேவலை. கெட்ட வார்த்த பேசாது."

கங்காணியின் மனைவி அங்கேதான் துவைத்துக்கொண்டிருந்தார். சவர்க்காரக் கட்டி பறந்து வந்து ஆயாவின் தோளில் பட்டது. "நம்ம சவுக்காரம்," என்று அதை எடுத்துத் தன் துணிக்குப் போட்டார்.

அந்த லீவின் உச்சம் ஏரிக்கரைச் சாப்பாடு. "கூடையில சாப்பாட்டக் கட்டிக்கிட்டு, மழையில நடந்து போயி, ஈரத் தரையில துணிய விரிச்சு, குளிர்ல நடுங்கிக்கிட்டே திங்கிறாங்க. வீட்டுல மேசை இருக்கு, நெருப்பு எரியுது. ஏன் இங்க வந்து திங்கிறோம்னு புள்ளைங்கள்ல சின்னவருகிட்டக் கேட்டேன். லீவாம்! நாம மலையில பகச்சோறு திங்கிறதும் அப்படித்தானே? பாத்தா நமக்கு வருசம் பூரா லீவுதான் போல."

இன்னொன்று உண்டு. போகிற வழியில் ஒரு சிற்றூரின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்களாம். எங்கள் தோட்டத்தின் இங்கிலீசுப் பெயர் அப்படியே அதில் இருந்தது. எந்தக் காலத்துத் துரையோ பிறந்த ஊரை நினைத்து இங்கே வைத்த பெயர். நான் அதை விளக்கிச் சொன்னேன். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு கோயிலு, ரெண்டு கடை, தெருவுல ஒரு வாத்து. நம்ம தோட்டத்துல பாதி கூடக் கெடையாது மாஸ்டர். நம்மகிட்டருந்துதான் அவங்க பேரை எடுத்திருக்காங்க."

ஒரு விஷயத்தை மட்டும் அவர் பீலியடியில் சொன்னதில்லை. ஒருநாள் மழைக்குப் பள்ளிக்கூட இஸ்தோப்புத் திண்ணையில் ஒதுங்கி நின்றபோது என்னிடம் சொன்னார்.

"பாட்டியம்மா மொத நாளே மேசைகிட்ட ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, உக்காருன்னுட்டாங்க. துரை துரைச்சாணி மொகத்தப் பாத்தாரு. துரைச்சாணி சூப்பப் பாத்தாங்க. நான் உக்காந்துட்டேன். லீவு முடியிற வரைக்கும் அந்த நாற்காலிதான். நீயும் இந்தக் குடும்பந்தான்னு பாட்டியம்மா சொன்னாங்கன்னு புள்ளைங்கள்ல பெரியவ எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு."

"உக்காந்தது எப்படி இருந்துச்சு?"

"நாற்காலி மாதிரிதான் இருந்துச்சு." முந்தானையில் தெறித்த மழையைத் தட்டிவிட்டார். "திரும்பி வர்றப்ப, கப்பல்ல கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சு போச்சு மாஸ்டர். சூயசு தாண்டி வெயில் அடிச்சதும் துரை துரையாயிட்டாரு. நான் ஆயாவாயிட்டேன்."

நான் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சில வருஷங்களில் பிள்ளைகள் படிப்புக்காகச் சீமைக்குப் போனார்கள். பிறகு துரையும் துரைச்சாணியும் ஒரேயடியாகக் கிளம்பினார்கள். புதிதாக வந்த துரைக்குப் பிள்ளை இல்லை, நாய்தான் இருந்தது. நாய்க்கு ஆயா வேண்டியதில்லை. ஒரு கம்பளிச் சட்டையோடும் ஏரிக்கரையில் எடுத்த ஒரு படத்தோடும் ஆயா லயத்துக்குத் திரும்பினார். மறுபடியும் கொழுந்துக் கூடை. "கூப்பிட்டுக்குவாங்க மாஸ்டர். நம்ம புள்ளைங்கல்ல," என்றார். தபால்காரர் வருகிற பாதையை அவர் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் சங்கடமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு விசாரணை வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு, தோட்டத்துத் தமிழர்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், விட்டுவிட்டுப் போகாமல் இங்கேயே இருந்ததையும், குடும்பம் இங்கேதான் இருப்பதையும் அதிகாரி முன்னால் காட்டவேண்டும். காட்டமுடியாவிட்டால் எந்த நாடும் இல்லை. நானும் ஆயாவும் விண்ணப்பித்திருந்தோம். நுவரெலியாவுக்கு இருவரையும் ஒரே நாளில் அழைத்திருந்தார்கள்.

என் நிலைமையைச் சொல்லவேண்டும். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்து என் தாயாரின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சுவர் ஒத்துக்கொண்டது, எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. இந்த லட்சணத்தில் ஆயாவுக்கும் வகுப்பு எடுத்தேன்.

"நாட்டை விட்டுப் போனீங்களான்னு கேட்டா, இல்லைன்னுடுங்க."

"எப்படி இல்லைம்பேன்? போனேனே."

"போனேன்னா, தொடர்ந்து இருக்கலைன்னு எழுதிடுவாங்க ஆயாம்மா."

"லீவுக்குப் போறது போறதா? துரையும்தான் போனாரு. அவர யாரு கேட்டாங்க?"

நான் அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழைச் சிங்களமாக்கிச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். இருவரும் கெட்டவர்கள் அல்லர்; களைத்திருந்தார்கள். நான் பின்னால் ஒரு வாங்குப் பலகையில், இரவல் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன். ஆயா கம்பளிச் சட்டை போட்டு, நிமிர்ந்து நின்றார்.

"இந்த நாட்டை விட்டு வெளியாலை போயிருக்கிறீரோ?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

"போயிருக்கேங்க. ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

போயிற்று. தோட்டத்துக்காரன் வாயில் ஊர் என்றால் இந்தியா. பார்த்தேயிராதவனுக்கும் அதுதான் ஊர். ஆனால் துரை லீவுக்குப் புறப்பட்டபோது பங்களாவில் எல்லாரும் 'துரை ஊருக்குப் போறாரு' என்றார்கள். ஆயாவுக்கு ஊர் அன்றிலிருந்து அதுவாகிவிட்டது. மொழிபெயர்ப்பவர் இந்தியா என்று சொல்ல, அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"இந்தியா இல்லீங்க மாத்தயா, காட்லாந்து!" என்றார் ஆயா.

"காட்லாந்தோ? அது திருச்சிப் பக்கமோ?"

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நான் எழுந்ததும் வாங்கின் மறு கோடியில் இருந்த ஒரு பெரியவர் வாங்கோடு சாய்ந்து தரைக்குப் போனார். தெரிந்த இங்கிலீசு, தெரிந்த சிங்களம், தெரியாத இரண்டும் கலந்து கத்தினேன்: "சார், அந்த அம்மா குடும்பத்தோட ஸ்காட்லாந்துக்கு விடுமுறைக்குப் போனவங்க!"

அதிகாரி ஆயாவின் வெடித்த பாதங்களைப் பார்த்தார், கொழுந்துக் கறை ஏறிய விரல்களைப் பார்த்தார், தரையில் கிடந்த பெரியவரைப் பார்த்தார். சிரித்தார். மொழிபெயர்ப்பவர் சிரித்தார். வாசலில் நின்ற பியூன் சிரித்தார். என் வாழ்நாள் முழுக்க நான் ஆடிய கூத்து எதற்கும் அப்படி ஒரு சிரிப்புக் கிடைத்ததில்லை. நான் விளையாடாமல் பேசியது அன்று ஒருநாள்தான்.

ஆயாவும் புன்னகையோடு, சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினார். ஏரி. பாட்டியம்மா, துரைச்சாணி, இரண்டு பிள்ளைகள், கூடை. படம் எடுத்தது துரை.

"இதிலை நீர் எங்கை?"

"நான் இந்தப் பக்கம் குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறேங்க. இந்தா, இது என் முந்தானை." படத்தின் ஓரத்தில், காற்றில் பறந்து உள்ளே வந்த ஒரு துணி நுனி. அவ்வளவுதான்.

"கப்பலிலை போன கடுதாசி?"

"எல்லாம் துரை பெட்டியில இருந்துச்சுங்க. பெட்டியோட போயிட்டாரு."

அதிகாரி சிங்களத்தில் மெல்லக் கேட்டார். மொழிபெயர்ப்பவர் சொன்னார்: "யாருடைய குடும்பத்தோடை போனதெண்டு கேக்கிறார்."

நான் பல்லைக் கடித்தேன். துரை குடும்பம் என்று சொல்லுங்கள், ஆயாம்மா. துரை குடும்பம்.

"நம்ம குடும்பம்தாங்க," என்றார் ஆயா.

"உம்முடைய குடும்பம் அங்கையோ இருக்கு?"

"ஆமாங்க. பாட்டியம்மா, துரைச்சாணி, ரெண்டு புள்ளைங்க. எல்லாரும் ஊருலதான் இருக்காங்க."

அது மட்டும் பிசகில்லாமல் மொழிபெயர்க்கப்பட்டது. அதிகாரி எழுதினார்.

அடுத்தது நான். அதிகாரி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாயார் பெயர் என்ன என்றார்கள். சுவர் படித்துக்கொண்ட பெயர் எனக்கு வரவில்லை. தலைக்குள் இருந்தது காட்லாந்து மட்டும்தான். "கா…" என்றேன்.

"காளியம்மாவோ?" என்று மொழிபெயர்ப்பவரே தாளைப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

"அவங்கதாங்க!"

மறுபடியும் சிரிப்பு. சிரித்த கை கையெழுத்துப் போட்டது. இப்படித்தான் நான் இந்த நாட்டுக்காரனானேன்.

ஆயாவுக்கு இல்லை என்று பதில் வரச் சில மாதங்கள் ஆயின. நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. கம்பளிச் சட்டையின் ஒரு பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார். மறுநாள் வேலைக்குப் போனார். எல்லாம் முன்போலத்தான் இருந்தது என்று நினைத்தேன். ஒருநாள் பாதையில் கண்டு, "என்ன ஆயாம்மா, கொழுந்து எப்படி?" என்றேன்.

"உங்க மலைல கொழுந்துக்கு என்ன கொறச்சல் மாஸ்டர்."

கேலி செய்கிறார் என்று நானும் சிரித்தேன். கேலி இல்லை. உங்க பள்ளிக்கூடம், உங்க ஆறு, உங்க தேர்த்திருவிழா. கோபமில்லாமல், கடையில் விலை கேட்டுவிட்டுப் பொருளைத் திருப்பி வைக்கிற பாங்கில், ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். பீலியடியில் பெண்கள் கெஞ்சினார்கள்: "துரை தட்டுக் கழுவுனதச் சொல்லுங்க ஆயாம்மா!" "அது அவங்க வீட்டு விசயம்," என்றார். கங்காணியின் மனைவி, ஒருநாள் வேண்டுமென்றே சவர்க்காரத்தை அவர் பக்கம் எறிந்து பார்த்தார். ஆயா அதை எடுத்துக் கழுவி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கடைசியில் இந்தியாவுக்குக் கடுதாசி எடுத்துக்கொண்ட சில குடும்பங்களோடு அவரும் கிளம்பினார். கடுதாசியில் அவருடைய தகப்பனார் ஊர் இருந்தது, திருச்சிப் பக்கம். அந்த ஊர்ப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார், நான் என் தாயார் பெயரைச் செய்ததுபோல. தலவாக்கலை ஸ்டேஷனில் மழை. வழியனுப்ப வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழக்கூடாது என்று தீர்மானித்து, சிரிக்க வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

"காட்லாந்து பக்கம்தானே ஆயாம்மா போறீங்க? மொழிபெயர்த்தவரே சொன்னாரே, திருச்சிக்குப் பக்கம்னு!"

"உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான்," என்றார். சிரித்த மாதிரி இருந்தது. ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கையை நீட்டிப் பார்த்தார். "உங்க மழை விடாது மாஸ்டர். நனையாம வீட்டுக்குப் போங்க."

"நம்ம மழைதானே ஆயாம்மா!" என்று கத்தினேன். ரயில் ஊதிவிட்டது. அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

வளைவில் திரும்பும்போது ஆளைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே காற்றில் பறந்த ஒரு முந்தானை நுனி மட்டும் தெரிந்தது. அது அவருடையதுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சிரிப்பார்கள்.